வாசல் தாண்டி: பள்ளிக்கூடத்துக்குப் புதுச் சட்டை மட்டும் போதுமா?



வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்று ஒரு விசேஷம் வந்தால் முதலில் என்ன செய்கிறோம்? வெள்ளையடிக்கிறோம். ஆனால் அதற்கும் முன்னால் கூரை ஒழுகுகிறதா, கொல்லைப்புறக் குழாயில் தண்ணீர் வருகிறதா, சாக்கடை அடைத்துக் கொண்டிருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்த்து விட்டுத்தான் பெயிண்ட் டப்பாவைத் திறப்போம். விசேஷத்துக்கு வருகிறவர்கள் சுவரைப் பார்த்து, "அடேயப்பா, என்ன அழகு!" என்று சொல்லிவிட்டுப் போய் விடுவார்கள். ஒழுகுகிற கூரைக்குக் கீழே படுத்துக் கொள்ளப் போவது நாம்தானே?

இந்தச் சாதாரண வீட்டுப் புத்தியை நம் தெருப் பள்ளிக்கூடத்துக்கும் கொஞ்சம் செலவழிக்க வேண்டிய நேரம் வந்திருக்கிறது. எங்கள் வார்டில் ஒரு நகராட்சித் தொடக்கப் பள்ளி இருக்கிறது. என் மாமியார் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு படித்த பள்ளி. அதை நவீனமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் தெருவே சந்தோஷப்பட்டது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "சுவரெல்லாம் பொம்மைப் படம் போடணும்" என்றார் ஒருவர். "பெரிய டிவி வச்சுப் பாடம் நடத்தணும்" என்றார் இன்னொருவர். "பழசை எல்லாம் இடிச்சுத் தள்ளிட்டு மாடி கட்டணும்" என்றார் மூன்றாமவர். எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆனால் எது முதலில், எது பிறகு என்று யாருமே பேசவில்லை. இருக்கிற பணம் ஒரு அளவுதான் என்னும்போது அந்த வரிசைதானே முக்கியம்? நம் ஊரில் எத்தனையோ பழைய பள்ளிகள் இப்படி இருக்கின்றன. அதனால்தான் இந்த இதழில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் உயிர்

2004 ஜூலை 16-ந் தேதியை எந்தத் தாயும் மறந்திருக்க மாட்டாள். கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கட்டில் பிடித்த தீ, கீற்றுக் கூரை போட்ட வகுப்பறைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரையே கூடாது என்று கெடுபிடி வந்தது. பள்ளிகளில் தீயணைக்கும் கருவி உள்ளிட்ட பாதுகாப்பு ஏற்பாடுகள் இருக்க வேண்டும் என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் உத்தரவிட்டது. 2021 டிசம்பர் 17-ந் தேதி திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கண்டுபிடித்து இடிக்க மாநிலம் முழுவதும் உத்தரவு போனது அதன் பிறகுதான்.

பாருங்கள், ஒவ்வொரு தடவையும் குழந்தைகளைப் பறி கொடுத்த பிறகுதான் நமக்குக் கண் திறக்கிறது. ஆகவே பழைய பள்ளியைப் புதுப்பிக்க ஒரு ரூபாய் வந்தாலும் அதில் முதல் செலவு, கட்டடத்தை ஒரு பொறியாளர் முழுக்கப் பார்த்து எழுத்தில் சொல்வதற்காகத்தான் இருக்க வேண்டும். வகுப்பறையை மட்டும் பார்த்தால் போதாது. சுற்றுச்சுவர், கழிப்பறைச் சுவர், மாடிக் கைப்பிடிச் சுவர், ஜன்னலுக்கு மேலே நீட்டிக் கொண்டிருக்கும் சன்ஷேடு, தண்ணீர்த் தொட்டி நிற்கிற தூண் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தனியாக நிற்கிற ஒற்றைச் சுவர்தான் மழைக்காலத்தில் ஊறி ஊறிச் சாய்கிறது. பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுவதும் அந்தச் சுவர்களின் பக்கத்தில்தானே?

பழசு என்றால் எல்லாம் குப்பையா?

பழைய கட்டடம் என்றாலே இடிக்க வேண்டும் என்பதும் சரியில்லை. அந்தக் காலத்துக் கட்டடங்களில் நிறைய 'மெட்ராஸ் டெரஸ்' என்று சொல்கிற மேல்தளம் இருக்கும். தேக்கு உத்தரங்களின் மேல் சின்னச் சின்னச் செங்கல்லை நிறுத்தி வைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தட்டோடு பதித்திருப்பார்கள். உயரமான கூரை, கனமான சுவர், எதிரும் புதிருமாக ஜன்னல், வெயில் நேரே உள்ளே வராமல் தாழ்வாரம். மே மாதக் கடைசியில் உள்ளே போனாலும் கொஞ்சம் குளுகுளு என்றுதான் இருக்கும். அதை இடித்து விட்டுத் தாழ்வான ஒரு தகரக் கொட்டகையைப் போட்டால் அது நவீனம் ஆகிவிடுமா? மத்தியானம் இரண்டு மணிக்கு அதன் கீழே நாற்பது குழந்தைகளை உட்கார்த்திப் பாருங்கள், தெரியும்.

உத்தரத்தில் கரையான் அரித்திருந்தால், சுவர் விரிசல் விட்டுப் பெரிசாகிக் கொண்டே போனால் அப்போது தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது, இடிக்கத்தான் வேண்டும். "நான் படிச்ச பள்ளி, தொடாதீங்க" என்று என் மாமியாரைப் போல உருகுவதில் பிரயோஜனமில்லை. அதே சமயம், நன்றாக இருப்பதை ஒழுங்காகப் பழுது பார்த்தால் இன்னும் பல வருஷம் உழைக்கும்.

பழுது பார்ப்பதிலும் விஷயம் இருக்கிறது. சுண்ணாம்பில் கட்டிய சுவருக்கு மேலே சிமெண்டைப் பூசி, பளபளவென்று பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் போய்விடும். இரண்டு மழை பெய்தால் போதும், அப்பளம் பொரிந்த மாதிரி பூச்சு உப்பிக் கொண்டு உதிரும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் ஒத்துக் கொள்ளும். செலவும் ஜாஸ்தியில்லை.

பழைய ஜன்னல், கதவுகளைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கும்போது இன்னொரு ஜாக்கிரதை வேண்டும். பழைய நாள் பெயிண்டுகளில் ஈயம் இருந்திருக்கலாம். பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் விதி வந்ததே 2016-ல்தான், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே சுரண்டுகிற வேலையை விடுமுறையில் வைத்துக் கொண்டு, தண்ணீர் தெளித்துச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து எடுக்கச் சொல்ல வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கழற்றுவதும் அப்படித்தான். அடித்து நொறுக்கினால் எழும்புகிற தூசி நுரையீரலுக்கு ஆகாது. நனைத்து விட்டு, முழுசாக இறக்க வேண்டும். பிள்ளைகள் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது.

திரும்பி வருகிற தண்ணீர் பாட்டில்

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டில் வேலைக்கு ஒத்தாசையாக இருக்கும் பெண்ணின் மகள் அந்தப் பள்ளியில்தான் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஒருநாள் அவள், "காலையில ஒரு பாட்டில் தண்ணி குடுத்து அனுப்புறேங்க்கா. சாயங்காலம் அப்படியே திரும்பி வருது. கேட்டா, 'தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும், அங்க கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லம்மா'ங்குது" என்றாள்.

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. எட்டு வயதுக் குழந்தை காலையிலிருந்து சாயங்காலம் வரை தாகத்தை அடக்கிக் கொண்டு, சிறுநீரையும் அடக்கிக் கொண்டு வாய்ப்பாடு சொல்லிக் கொண்டிருக்கிறாள். பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர்ப் பாதையில் கிருமி தொற்றுவது இப்படித்தான் ஆரம்பிக்கிறது. எரிச்சல், காய்ச்சல், அடிவயிற்று வலி என்று வந்த பிறகு டாக்டரிடம் ஓடுகிறோம். அடக்கி அடக்கி வைப்பதால் மலச்சிக்கலும் சேர்ந்து கொள்கிறது. தண்ணீர் குடிக்காத குழந்தைக்குத் தலைவலி வரும், பாடத்தில் கவனமும் நிற்காது. "மக்கு" என்று பெயர் வாங்கிக் கொள்கிற எத்தனை பெண் குழந்தைகளுக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு தாழ்ப்பாள்தானோ!

ஆகவே, கட்டடம் விழாது என்று நிச்சயமானதும் அடுத்த செலவு கழிப்பறைக்குத்தான். புதிதாகக் கட்டினால் மட்டும் போதாது. பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனி வழி இருக்கிறதா? தாழ்ப்பாள் ஐந்து வயதுக் குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில், அதுவே போட்டு எடுக்கிற மாதிரி இருக்கிறதா? உள்ளே வெளிச்சம் இருக்கிறதா? இருட்டைக் கண்டாலே சின்னப் பிள்ளைகள் உள்ளே போகாது. பீங்கான் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற அளவா? குழாயில் தண்ணீர் பகல் முழுக்க வருகிறதா, காலை ஒரு மணி நேரமா? எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் கழுவுகிறவர் யார், அவருக்குச் சம்பளம் ஒழுங்காகப் போகிறதா, பினாயிலும் துடைப்பமும் யார் வாங்கித் தருகிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் எவ்வளவு செலவில் கட்டினாலும் ஆறே மாதத்தில் பூட்டுத் தொங்கும்.

தண்ணீரும் சாப்பாடும்

கை கழுவும் இடமும் பிள்ளைகள் உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்புக் குழந்தை மூன்றரை அடி உயரம்தான் இருக்கும். பெரியவர்கள் இடுப்பு உயரத்துக்குத் தொட்டி கட்டி வைத்தால் அது எக்கி எக்கி முழங்கையை நனைத்துக் கொண்டு வருமே தவிர, விரல் இடுக்கு கழுவாது. இரண்டு, இரண்டரை அடி உயரத்தில் வரிசையாக நாலைந்து குழாய்களும், கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட சோப்பும் போதும். குடற்புழுவுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை பள்ளியில் மாத்திரை கொடுக்கிறார்கள். சோப்புப் போட்டுக் கழுவாத கையால் சாப்பிட்டால் மறுபடியும் புழு குடியேறி விடும்.

மேல்நிலைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி இருக்கட்டும். டெங்குவைப் பரப்பும் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகி விடுகிறது. ஆகவே வாரம் ஒரு நாள் தொட்டி, பானை, பூந்தொட்டித் தட்டு, மூலையில் கிடக்கிற உடைந்த வாளி எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். கட்டட வேலை நடக்கும்போது சிமெண்ட் நனைக்கத் தேக்கி வைக்கிற தண்ணீரையும் மறந்து விடாதீர்கள்.

பள்ளியில் சோறு போடுவதில் நம் மாநிலத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1920-லேயே சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுத்தார்கள். 1956-ல் காமராஜர் காலத்தில் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவு, 2022 செப்டம்பரில் காலை உணவு என்று அது வளர்ந்து வந்திருக்கிறது. ஆனால் பல பழைய பள்ளிகளில் அடுப்படி மட்டும் அந்தக் காலத்திலேயே நின்று விட்டது. புகை படிந்த ஒரு மூலை, பக்கத்திலேயே வகுப்பு. கும்பகோணத்துக்குப் பிறகும் இப்படி இருக்கலாமா? சமையலறை வகுப்பிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். காஸ் சிலிண்டர் வெளியே, காற்றோட்டமான கூண்டில் இருக்க வேண்டும். மளிகை வைக்க எலி நுழையாத அறை, பாத்திரம் கழுவத் தனி இடம், பிள்ளைகள் நிழலில் உட்கார்ந்து சாப்பிட ஒரு கூடம் வேண்டும். அங்கே சமைக்கிறவர்களும் பெண்கள்தான். புகையில் அவர்கள் கண்ணும் மார்பும் என்ன ஆகும் என்று நாம்தான் யோசிக்க வேண்டும்.

எல்லாக் குழந்தைக்கும் வாசல்

பழைய பள்ளிகளில் வாசலில் மூன்று நான்கு படி கட்டாயம் இருக்கும். மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க அப்படிக் கட்டினார்கள். ஆனால் கால் சரியில்லாத ஒரு குழந்தைக்கு அந்த மூன்று படியே மலை. சரிவுப் பாதை ஒன்று போட்டு விட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. அதற்கும் கணக்கு உண்டு. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். பேருக்கு நாலடியில் செங்குத்தாகப் போட்டால் சக்கர நாற்காலி ஏறாது, மற்றப் பிள்ளைகள் சறுக்கி விளையாடத்தான் உதவும். பக்கத்தில் கைப்பிடியும், வழுக்காத தரையும் அவசியம்.

அப்புறம் வரட்டும் டிவி

இத்தனையும் ஆன பிறகு வகுப்பறைக்கு வருவோம். கரும்பலகை மேல் வெயில் பட்டுப் பளபளத்தால் பின் வரிசைக்கு ஒன்றும் தெரியாது. ஒயரிங் பழசாக இருந்தால் முழுக்க மாற்றி, எர்த் இணைப்பும், ஷாக் அடிக்காமல் கட் செய்கிற சுவிட்சும் போடச் சொல்லுங்கள். பிளக் பாயிண்ட் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அதற்குப் பிறகு தாராளமாக டிவி வரட்டும், கம்ப்யூட்டர் வரட்டும். அதுவும் நம் பிள்ளைகளுக்கு வேண்டியதுதான். பணக்கார வீட்டுக் குழந்தைக்குக் கிடைப்பது இவர்களுக்கும் கிடைக்கட்டும். ஆனால் ரிப்பேர் ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று எழுதி வைத்து விட்டு வாங்குங்கள். துணி போர்த்தி மூலையில் நிற்கிற கம்ப்யூட்டர்களை நாம் பார்த்தாயிற்று.

சுவரில் படம் போடுவது கூட நல்லதுதான், உபயோகமாகப் போட்டால். கதவு திறக்கிற இடத்தில் தரையில் கோணங்களை வரையலாம். தூணில் அடிக்கணக்குப் போட்டால் பிள்ளைகளே உயரம் அளந்து கொள்ளும். ஜன்னல் கம்பியில் மணி கோத்தால் கூட்டல் கழித்தல் படிக்கலாம். சினிமா பொம்மையை விட இது மேலில்லையா?

வேலை நடக்கும்போது வேப்பமரத்தையும் புங்கமரத்தையும் வெட்டி விடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். மைதானம் முழுக்க சிமெண்ட் கல் பதித்து விட்டால் விழுகிற பிள்ளைக்கு முட்டி பெயரும், மழைத் தண்ணீரும் பூமிக்குள் போகாது. நடைபாதைக்கு மட்டும் கல் போதும். கூரைத் தண்ணீரை மழைநீர்த் தொட்டிக்குத் திருப்பி விடலாம். 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கிய விஷயம்தானே அது?

யார் கேட்பது?

"இதெல்லாம் நாம சொன்னா யாரு கேப்பாங்க?" என்பீர்கள். கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தில், பள்ளிக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியலே இருக்கிறது. எந்தப் பருவத்துக்கும் தாங்கும் கட்டடம், ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறையாவது, தடையில்லாத வழி, தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், சமையலறை, விளையாட்டு இடம், சுற்றுச்சுவர் அல்லது வேலி, நூலகம் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் யாரிடமும் தயவு கேட்கவில்லை.

அதே சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வருகிற பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. முன்னாள் மாணவர்களும் நல்ல மனம் உள்ளவர்களும் பள்ளிக்கு உதவுவதற்காக 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' என்ற திட்டமும் தொடங்கப்பட்டது. வழி இல்லாமல் இல்லை. ஆனால் கூட்டம் என்றால் நம்மில் பலர் கையெழுத்தைப் போட்டு விட்டு, அடுப்பில் குழம்பை வைத்து விட்டு வந்தேன் என்று ஓடி விடுகிறோம். பேசுகிறவர்கள் நாலு ஆண்கள். அவர்களுக்குக் கழிப்பறைத் தாழ்ப்பாள் எங்கே ஞாபகம் வரப் போகிறது? நுழைவாயில் வளைவில் யார் பெயரை எழுதுவது என்பதில்தான் பேச்சு முடியும்.

"என் பிள்ளை கான்வெண்டில் படிக்கிறது, எனக்கென்ன?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பள்ளி பார்க்க நன்றாக இல்லை என்று கொஞ்சம் வசதி உள்ளவர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளையை எடுத்து விடுகிறார்கள். எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைந்த பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்து விடலாம் என்ற பேச்சு வருகிறது. கடைசியில் தெருவிலிருந்து அந்தப் பள்ளி போனால் நஷ்டம் யாருக்கு? வேனுக்குப் பணம் கட்ட முடியாத, ஆறு வயதுக் குழந்தையைப் பெரிய ரோட்டைத் தாண்டித் தனியாக அனுப்ப முடியாத தாய்க்குத்தான். பூ விற்கிற அம்மாவுக்கு, இட்லிக் கடை அக்காவுக்கு, நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணுக்கு. அவர்களுக்கு வேறு பள்ளி கிடையாது.

எங்கள் தெருவில் ஏழெட்டுப் பெண்களாகச் சேர்ந்து ஒரு பேப்பரில் வரிசை எழுதிக் கொடுத்தோம். கட்டடப் பரிசோதனை, கழிப்பறை, தண்ணீர், சமையலறை, சரிவுப் பாதை, ஒயரிங், பிறகு மற்றதெல்லாம். தலைமையாசிரியை வாங்கிப் படித்து விட்டு, "வளைவைப் பற்றி ஒண்ணுமே எழுதலையே!" என்று சிரித்தார். பெரிய வேலைகளுக்கெல்லாம் பணம் வரக் காத்திருக்கிறார்கள். தாழ்ப்பாளுக்கு மட்டும் காத்திருக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமையே நாலு கதவுகளுக்கும் போட்டாயிற்று, எட்டுகிற உயரத்தில்.

நீங்களும் உங்கள் தெருப் பள்ளிக்கு ஒரு நடை போய் வாருங்கள். முழங்காலிட்டு, ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் உயரத்திலிருந்து குழாயையும் கதவையும் பாருங்கள். பார்த்ததை ஒரு தாளில் வரிசையாக எழுதி, அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கொடுங்கள். என்ன நடந்தது என்று எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.